பலகைக்குப் பின்னால் போன பல்லி

அந்தக் காலத்தில் பல்லி தரையில்தான் குடியிருந்தது. ஆளைக் கண்டால் ஓடாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசும். அதனிடம் ஒரே ஒரு குறை. கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்லும். அதனால் அதோடு பேச யாரும் பெரிதாக ஆசைப்படவில்லை.

செங்கோடனின் மாட்டுத் தொழுவத்தில் அப்படி ஒரு பல்லி இருந்தது. செங்கோடனுக்குப் பிழைப்பு வெள்ளாமை, ஆசை மரவேலையில். தொழுவத்தில் பாதியை ஓலைத் தட்டியால் மறைத்து, அதைத் தன் பட்டறை என்று சொல்லிக்கொண்டான். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உளி, சுத்தியல், அரம், ரம்பம், இழைப்புளி எல்லாமே ஒரே கோணிப்பைக்குள் கிடக்கும். ஒன்று வேண்டுமென்றால் பையைத் தலைகீழாகக் கொட்டுவான். வேலை நடுவில் இரண்டு கையும் தேவைப்பட்டால் கையில் இருப்பதை எங்கேயாவது செருகிவிடுவான். பிறகு அதைக் காணோம் என்று குதிப்பான்.

அப்படிக் காணாமல் போகிற ஒவ்வொன்றையும் யாரோ எடுத்துவிட்டதாகவே நினைப்பான். தன் மேல் மட்டும் அவனுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

அப்போது அவன் மனைவி பவளாயி நிறைமாதம். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தன் கையாலேயே மரத் தொட்டில் செய்யத் தொடங்கியிருந்தான். நான்கு காலும் ஆயிற்று. காலில் துளை போட வேண்டிய குறுகலான உளியைத்தான் காணவில்லை.

முதலில் காக்கையைக் கூப்பிட்டு விசாரித்தான்.

"பளபளன்னு எதைக் கண்டாலும் தூக்கற ஆளு நீ. எடுத்தியா?"

"உன்ர உளியை வச்சு நான் என்ன கூட்டுக்குக் கதவா போடறேன்?" என்று சொல்லிவிட்டுக் காக்கை பறந்துபோனது.

பதில் சொல்லிவிட்டு ஏன் நிற்காமல் போகிறது என்று அதன் மேலும் சந்தேகம். அடுத்து எலியைப் பிடித்தான். எலி தன் பல்லைக் காட்டி, "இது இருக்கையில எனக்கு உளி எதுக்குங்க?" என்றது. அதுவும் அவனுக்குத் திருப்தியாக இல்லை. கடைசியில் பல்லியைக் கூப்பிட்டான்.

"நீ செவுத்துல ஏறி நின்னு பாரு. பட்டறைக்குள்ள யார் வர்றாங்க, எதைத் தொடறாங்க, எல்லாத்தையும் எனக்குச் சொல்லோணும்."

பல்லி முதன்முதலாகச் சுவரில் ஏறியது அன்றைக்குத்தான்.

பட்டறைக்குத் தினமும் வருகிற ஆள் ஒருவர்தான். பவளாயியின் அண்ணன் சடையன். எதிர்வீடு. காலையில் வந்து, தொட்டில் எவ்வளவு ஆயிற்று என்று பார்த்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். தங்கைக்கு அவரை விட்டால் பிறந்த வீட்டில் ஆள் கிடையாது. குழந்தையைத் தொட்டிலில் எடுத்துப் போடப்போகிற தாய்மாமனும் அவர்தான். பேசும்போது சும்மா இருக்காமல் சாமான்களை எடுத்துப் பார்ப்பார். செங்கோடன் அதைக் கண்டும் காணாதவனைப் போல மனதில் குறித்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்துப் பல்லியைக் கேட்டான். "சடையன் மச்சான் எதையாவது எடுத்தாரா?"

"தொட்டாருங்க. தொட்டுட்டு அங்கியே வச்சுட்டாருங்க."

"மறைக்காதே. பொழுது சாஞ்சா அவரு வீட்டு விளக்குலதானே நீ பூச்சி தின்னுட்டு வர்றே? தின்ன விசுவாசமா?"

"பூச்சி தின்னது நெசந்தானுங்க. ஆனா எடுத்தது அவரில்லீங்க. நீங்கதானுங்க எடுத்தது. எடுத்து மே..."

அதற்கு மேல் சொல்ல விடவில்லை. மரம் செதுக்கிக்கொண்டிருந்த வாச்சியை அப்படியே சுவரைப் பார்த்து வீசினான். பல்லி துள்ளியது. வால் துண்டாகிக் கீழே விழுந்து தனியாகத் துடித்தது. செங்கோடனுக்கே ஒரு கணம் என்னவோ போல் ஆகிவிட்டது. ஆனாலும், "பொய் சொன்னா இப்படித்தான்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டான்.

பாவம், பல்லி. கேட்டதற்குப் பதில் சொன்னது, அவ்வளவுதான். அன்றோடு அது வாயை மூடிக்கொண்டது.

அந்தச் சூட்டிலேயே சடையன் வந்து சேர்ந்தார். தோளில் ஒரு வேப்பம்பலகை. தொட்டிலுக்கு ஆகட்டும் என்று தன் வீட்டிலிருந்து சுமந்து வந்திருந்தார்.

"மச்சான், என்ர உளி உங்க வீட்ல இருக்குதா?"

விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்துச் சடையன் சிரித்தார். செங்கோடன் சிரிக்கவில்லை. சடையனின் சிரிப்பு மெல்ல நின்றது. பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"மாப்ளே, என்னையா கேட்டே?"

"வேற யார் வர்றாங்க இங்க?"

"சரி. இனி நானும் வரலை."

பவளாயி இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. "ஏன் மாமா, தாய்மாமன் கால் வைக்காத வீட்ல அந்தத் தொட்டில் எதுக்கு?" என்று மட்டும் செங்கோடனைக் கேட்டாள். அவன் தோட்டத்துக்குப் போய்விட்டான்.

அவன் திரும்பி வந்தபோது கோணிப்பை காலியாகக் கிடந்தது. அண்ணன் கொண்டுவந்த வேப்பம்பலகையைப் பவளாயி சுவரில் மாட்டியிருந்தாள். பலகை நெடுக மர முளைகள். ஒவ்வொரு முளையிலும் ஒரு சாமான் தொங்கியது. ஒவ்வொன்றையும் சுற்றி அதன் வடிவத்தை அடுப்புக்கரியால் கோடு இழுத்திருந்தாள். சுத்தியலின் கோட்டுக்குள் சுத்தியல். அரத்தின் கோட்டுக்குள் அரம். காணாமல் போன உளிக்கும் கோடு இருந்தது. அதன் முளை மட்டும் காலி.

"இனி எது போனாலும் பாத்ததும் தெரிஞ்சிரும். திருடனைப் பிடிக்கத் தோதா இருக்குமல்ல?" என்றாள்.

திருடன் என்ற சொல்லில் செங்கோடன் மயங்கிவிட்டான். பலகை சடையனுடையது என்பதையும் மறந்தான். ஒவ்வொரு மாலையும் எல்லாவற்றையும் அதனதன் கோட்டுக்குள் மாட்டிவிட்டு, ஒன்றிரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் சாப்பிட வருவான். திருடனுக்காகச் செய்தாலும் பலன் வேலையில் தெரிந்தது. தேடுகிற நேரம் மிச்சமாயிற்று. ஒன்றோடொன்று உரசாததால் ரம்பத்தின் பல் மழுங்கவில்லை. இருந்த அகல உளியையே தீட்டித் தீட்டிச் சிறுகச் சிறுகத் துளை போட்டான். தொட்டில் எழுந்து நின்றது. பவளாயிக்கு ஆண் குழந்தையும் பிறந்தது.

"பாத்தியா? உங்கண்ணன் வராம இருந்ததுல இருந்து ஒரு சாமானும் காணாமப் போகலை."

பலகையை மாட்டியது தப்போ என்றுகூடப் பவளாயி நினைத்துவிட்டாள்.

தொட்டில் போடுவதற்கு முதல் நாள் மாலை செங்கோடன் தொட்டிலின் விளிம்பை அராவி முடித்தான். எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் பலகையைப் பார்த்தான். அரத்தின் கோடு காலியாக இருந்தது.

காக்கை வரவில்லை. எலி வரவில்லை. சடையன் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இருந்தும் வாய் பழக்கத்தில், "அந்த மச்சான்தான்..." என்று தொடங்கியது.

பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. "உச், உச், உச்."

அடிபட்ட நாளிலிருந்து பல்லி அங்கேதான் ஒளிந்திருந்தது. பேசினால் அடி விழும். பேசாமல் இருக்கவும் அதற்கு மனம் கேட்கவில்லை. அதனால் உச்சுக் கொட்டியது. செங்கோடன் வாயை மூடினான். "எடுத்து மே..." என்று அது பாதியில் விட்டது நினைவுக்கு வந்தது. அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், கூரையின் பனையோலை. அதன் இடுக்கில் அரம் செருகியிருந்தது. சற்று முன் தொட்டிலைத் திருப்பிப் போட இரண்டு கையும் தேவைப்பட்டபோது அவனே செருகியது. கையை இன்னும் உள்ளே விட்டுத் துழாவினான். துருப்பிடித்த குறுகலான உளி கைக்கு வந்தது.

வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது. உளியை எடுத்துக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்கு ஓடினான்.

"மச்சான், தப்புப் பண்ணிட்டேன். இதா, கூரையிலயே இருந்துது."

சடையன் உளியைப் பார்த்தார். இப்போது சந்தேகப்படுவது அவர் முறை. "இதை எதுக்கு இங்க எடுத்துட்டு வந்தே? கையில உளியோட என்ர வீட்ல இருந்து நீ வெளிய போனா, பாக்கறவன் என்ன நினைப்பான்? சொல்றதை நாளைக்குச் சொந்தபந்தம் முன்னால சொல்லு. வர்றேன்."

மறுநாள் பட்டறை வாசலிலேயே தொட்டிலை வைத்தார்கள். சொந்தமெல்லாம் கூடியிருந்தது. சடையன் ஓரமாக நின்றார். செங்கோடன் எல்லோர் முன்னாலும், "என்ர உளியை எடுத்தது மச்சான் இல்லீங்க. நான்தான்" என்றான்.

ஒருவரும் நம்பவில்லை. "பொண்டாட்டி அழுதிருப்பா. அதுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறான்" என்று பங்காளி ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. சடையன் செருப்பை மாட்டத் திரும்பினார். பவளாயி குழந்தையை அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"சத்தியமா நான்தானுங்க!" என்று செங்கோடன் கத்தினான்.

"உச், உச், உச்" என்றது பலகை.

கூட்டம் அடங்கியது. பார்த்ததைத் தவிர வேறெதையும் சொல்லாத பல்லி அது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பங்காளி தலையைக் குனிந்துகொண்டு விரலால் தரையைத் தட்டினார். சடையன் செருப்பை விட்டுவிட்டு வந்து, தங்கையின் கையிலிருந்து குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டார்.

அதற்குப் பிறகு செங்கோடன் எவ்வளவோ கெஞ்சியும் பல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கை ஓங்கினாலும் சரி, கும்பிட்டாலும் சரி, புதிதாக முளைத்த வாலையும் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியது.

அன்று முதல்தான் பல்லி சுவரில் மாட்டியவற்றுக்குப் பின்னால் ஒளிந்து வாழ்கிறது; நாமும் பேச்சுக்கு நடுவில் அது உச்சுக் கொட்டினால் தரையைத் தட்டி, "பாத்தியா, பல்லியே சொல்லுது" என்று எதிரில் இருப்பவரை மடக்குகிறோம், கூடவே அது நம்மைத்தான் சொல்கிறதோ என்று ஒரு தடவை அண்ணாந்து கூரையையும் பார்த்துக்கொள்கிறோம்.