எந்தப் பக்கம் பார்த்து

"வீட்டுல உக்காந்து வேலை பார்க்க முடியலீங்கம்மா. ஒரே சத்தம்."

சென்னியப்பன் வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார்.

பழனாத்தாள் நிமிரவில்லை. மடத்துச் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முறத்தை அவர் பக்கம் கொஞ்சம் தள்ளினார். நீங்களும் உரியுங்கள் என்று அர்த்தம்.

மலையடிவாரத்து அந்த மடத்தில் பழனாத்தாளைக் குரு என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அவருக்கு வயது நாற்பத்து நான்கு. கேட்க வந்தவருக்கு ஐம்பத்தொன்பது. பதினைந்து வயது சின்னவரிடம் போய் யோசனை கேட்பதென்றால் சும்மா இல்லை. சென்னியப்பனுக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் தபால் ஆபீசில் இருந்தவர். பாலக்காட்டில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்ததில் மலையாளம் வந்துவிட்டது. விருப்ப ஓய்வு பெற்றபின் எண்ணூறு பக்க மலையாள நாவல் ஒன்றைத் தமிழில் எழுத ஒப்புக்கொண்டார். கடைசி ஐம்பத்து மூன்று பக்கம் பாக்கி. நாலு மாதமாக ஒரு பக்கம்கூட நகரவில்லை. பங்குனி முடிவதற்குள் வராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். இப்போது மாசி பிறந்துவிட்டது.

என்ன சத்தம் என்று பழனாத்தாள் கேட்டார்.

மாடி வீட்டு மிக்ஸி. தெருவில் கோலமாவு விற்கிறவர் வைத்திருக்கும் மைக். குளியலறைக் குழாய் சொட்டுவது, அதுவும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாலும் கேட்பது.

குழாய் சொட்டுவது கேட்கிற வீட்டில் சத்தமாம்.

கைப்பிரதியை அவர் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் ஃபைலில் கொண்டுவந்திருந்தார். ஆஸ்பத்திரி ஃபைல். மேலே மார்க்கர் பேனாவில் 'லோகநாயகி, 56, பெண்' என்று எழுதியிருந்தது. பழனாத்தாள் அதைப் படித்தார்.

லோகநாயகி சென்னியப்பனின் மனைவி. போன ஐப்பசியில் இறந்துபோனார். வந்த மனுஷன் அதை மட்டும் சொல்லவில்லை.

"வெளிய இடம் பார்த்து உக்காந்து பாருங்ணா," என்றார் பழனாத்தாள்.

சென்னியப்பனின் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. வெங்காயம் என்றார்.

*

முதலில் நூலகத்துக்குப் போனார்.

அங்கே பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் விடிந்ததும் வந்து நாற்காலிக்கு நாற்காலி தண்ணீர் பாட்டில் வைத்து இடம் பிடித்திருந்தார்கள். மூலையில் ஒன்று கிடைத்தது. அந்த அமைதியில் பக்கத்து ஆள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. மூன்று நாளில் நாலு வரி எழுதினார். ஐந்து வரி அடித்தார். ஐந்தாவது, பழைய பக்கத்தில் நன்றாக இருந்த வரி.

மடத்துக்கு வந்து புலம்பினார்.

"எந்தப் பக்கம் பார்த்து உக்காந்தீங்ணா?" என்று பழனாத்தாள் கேட்டார்.

சென்னியப்பன் யோசித்தார். தெற்கு என்றார்.

அதோடு அந்த அம்மாள் வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டார்.

நம் ஆளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தெற்கு பார்த்து உட்காரலாமா? ஐம்பத்தொன்பது வயதில் இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். போகிற வழியில் போனில் திசைகாட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டார்.

அடுத்தது பேக்கரி. கடைக்கு நடுவில் நின்று போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, கிழக்கு பார்த்த நாற்காலியாகப் பிடித்தார். எதிரில் அடுப்பு. ஒரு டீ, ஒரு பப்ஸ், மூன்று மணி நேரம். கடைக்காரர் மரியாதையானவர், எழுந்து போங்கள் என்று சொல்லவில்லை. கடைப் பையனிடம் மேசையை நாலு தடவை துடைக்கச் சொன்னார். நாலாவது தடவை சென்னியப்பன் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அப்புறம் பெரிய ரோட்டில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று. மேசையும் நெட்டும் தருகிற இடம். சுற்றிலும் காதில் மாட்டிக்கொண்டு தனியாகப் பேசுகிற பிள்ளைகள். ஒரு பெண் அன்பாக வந்து, அங்கிள் உங்க ஸ்டார்ட்அப் என்ன என்று கேட்டாள். முடிக்கிற வேலைதானம்மா, ஆரம்பிக்கிறது இல்லை என்றார் அவர்.

அதன் பிறகு மேட்டுப்பாளையம் ரயிலில் போவதும் வருவதுமாக ஒரு வாரம். வடக்கு பார்த்துப் போனால் தெற்கு பார்த்து வர வேண்டியிருந்தது. அரைப் பக்கம் எழுதினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை.

ஒவ்வொரு தடவையும் மடத்துக்கு வந்தார், வெங்காயம் உரித்தார், புலம்பினார். ஒவ்வொரு தடவையும் பழனாத்தாள் அதே கேள்வியைத்தான் கேட்டார். சென்னியப்பனும் ஒரு திசையைச் சொன்னார்.

எட்டுத் திசையும் தீர்ந்துபோயிற்று. மாசியும் முடிந்தது.

"என்னால ஆகாதுங்கம்மா," என்றார் ஒருநாள். "வேற ஆள்கிட்டயே குடுக்கட்டும்."

பழனாத்தாள் எழுந்தார். உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

*

பங்குனி இரண்டாம் வாரம் சென்னியப்பன் வந்தபோது முகமே வேறாக இருந்தது. சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டிருந்தார்.

இடம் கிடைத்துவிட்டது என்றார். நாளுக்கு ஆறு பக்கம், ஏழு பக்கம் ஓடுகிறது. இன்னும் ஐந்தே பக்கம்தான். ஒரு நாள் வேலை.

எங்கே என்று பழனாத்தாள் கேட்டார்.

பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருக்கிற காத்திருப்புக் கூடம்.

பிறகு மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. லோகநாயகி அங்கே நூற்றுப் பதினொரு நாள் இருந்தார். நாவலின் பாதியை சென்னியப்பன் அந்தக் கூடத்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதினார். காலை பதினோரு மணிக்குப் பச்சைக் கதவு திறக்கும். சிஸ்டர் தலையை நீட்டி நோயாளியின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூட வந்தவர்களுக்கு அங்கே சொந்தப் பேர் கிடையாது. லோகநாயகி அட்டெண்டர் என்றால் சென்னியப்பன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போகலாம், ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷமும் அன்றைக்கு எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டுவார்.

கதையில் மாளு என்று ஒரு பெண் வீட்டை விட்டுப் போகிறாள். அவள் திரும்பி வந்தாளா என்று லோகநாயகிக்குத் தெரிய வேண்டியிருந்தது. மூக்கில் குழாய், பேச்சு வராது. கையை ஆட்டிக் கேட்பார்.

"நான் சொல்லலீங்கம்மா. வரிசையாத்தான் வரும், பொறுத்துக்கோன்னேன். கடைசி நாளும் கேட்டா. கடைசி நாளும் அதையேதான் சொன்னேன்."

பழனாத்தாள் முறத்தை ஒதுக்கி வைத்தார்.

"எந்தப் பக்கம் பார்த்து உக்காந்தீங்ணா?"

"கதவைப் பார்த்துங்கம்மா," என்றார் சென்னியப்பன். அதைச் சொல்லத் திசைகாட்டி தேவைப்படவில்லை.

பழனாத்தாள் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நாளைக்குத் தானும் வருவதாகச் சொன்னார். அவர் மடத்தை விட்டு ஊருக்குள் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

*

காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் மூன்றாம் மாடிக்குப் போனார்கள்.

கூடம் நிறைய ஆட்கள். ஃப்ளாஸ்க், போர்வை, பிளாஸ்டிக் பை. ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒரு அம்மாள் போனில் யாரிடமோ ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். டெட்டால் வாசனை.

உள்ளே ஆள் இருப்பவர்களுக்குத்தான் அந்த மாடிக்கு அனுமதி. செக்யூரிட்டி எல்லாரிடமும் பாஸ் கேட்டார். சென்னியப்பனிடம் கேட்கவில்லை. தெரிந்த முகம். எழுந்து சிரித்தார்.

"அம்மா எப்பிடி இருக்காங்க சார்?"

"இன்னைக்குப் பரவாயில்லீங்க," என்றார் சென்னியப்பன்.

பழனாத்தாள் பக்கத்தில்தான் நின்றார். அவர் காதிலும் அது விழுந்தது. செக்யூரிட்டி நல்ல மனுஷன், கடவுள் இருக்கிறார் சார் என்று சொல்லி வழி விட்டார். சென்னியப்பனும் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். எப்படி ஆட்ட முடிந்ததோ.

இரும்பு நாற்காலி. எதிரில் பச்சைக் கதவு. மடியில் ஃபைல்.

உட்கார்ந்ததும் எழுத ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் குடிக்கவில்லை, நிமிரவில்லை. ஸ்ட்ரெச்சர் போயிற்று, ஒரு குழந்தை அழுதது, மைக்கில் யாரையோ மருந்துக் கடைக்குக் கூப்பிட்டார்கள். எதுவும் அவருக்குச் சத்தமாக இல்லை. கதவு கொஞ்சம் அசைந்தால் மட்டும் பேனா நின்றது. பிறகு இன்னும் வேகமாக ஓடியது.

பழனாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. சிஸ்டர் மூன்று பேரைக் கூப்பிட்டார். மூன்று பேர் போனார்கள், மூன்று பேரும் வந்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

மத்தியானத்துக்கு மேல் சென்னியப்பன் கடைசி வரியை எழுதினார். அடியில் கோடு போட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தினார். ஒன்றரை வருஷ வேலை முடிந்தது. குனிந்தபடியே பக்கங்களை வரிசையாக அடுக்க ஆரம்பித்தார்.

பழனாத்தாள் எழுந்தார். நடந்து போய்ப் பச்சைக் கதவை ஒட்டி நின்றார். சிஸ்டர் கூப்பிடுகிற அதே மாதிரிக் கூப்பிட்டார்.

"லோகநாயகி அட்டெண்டர்!"

"இதோ வந்துட்டேங்க!"

சென்னியப்பன் எழுந்துவிட்டார். ஃபைல் கீழே விழுந்தது. கடைசி ஐந்து பக்கம் மட்டும் கையில் இருந்தது. நாலே எட்டில் கதவுக்கு வந்து, ஒரு செருப்பைக் கழற்றி, மற்றதையும் கழற்றக் காலைத் தூக்கியபோதுதான் கூப்பிட்டது யார் என்று பார்த்தார்.

கதவு மூடித்தான் இருந்தது.

ஒற்றைக் காலில் அப்படியே நின்றார். கையில் அந்த ஐந்து பக்கம் இருந்தது. அதில் மாளு திரும்பி வந்திருந்தாள்.

கூடத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழனாத்தாள் குனிந்தார். கழன்று கிடந்த செருப்பை எடுத்து அவர் காலடியில் நேராக வைத்தார்.

"செருப்பைப் போட்டுக்குங்ணா. வீட்டுக்குப் போலாம்."

சென்னியப்பன் அவரைப் பார்த்தார்.

"வீட்டுல யாரும் இல்லீங்கம்மா," என்றார்.