தொட்டியில் வைக்கோல்

அந்தக் கன்னியர் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக்காலம் தொடங்கியதும், இயேசு பிறந்த மாட்டுக்கொட்டில் போல ஆலயத்தில் ஒரு குடில் கட்டுவார்கள். குடிலுக்குள் ஒரு தீவனத் தொட்டி காலியாக இருக்கும். பக்கத்தில் ஒரு கூடை வைக்கோல். பிறருக்கு ஓர் உதவி செய்தவர், சத்தமில்லாமல் போய் ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். கிறிஸ்து பிறப்பு விழா இரவில் குழந்தை இயேசுவின் சுரூபத்தை அந்த வைக்கோலின் மேல்தான் கிடத்துவார்கள்.

துறவு வாழ்வுக்குப் பயிற்சி பெற வந்தவர்களில் மூத்தவர் சலேத்மேரி. பல வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, நாற்பதை நெருங்கும்போது மடத்துக்கு வந்தவர். பயிற்சி தரும் மதர் செசிலியே அவரைவிட வயதில் இளையவர்.

“இந்த வருஷம் தொட்டியை நான் ஒருத்தியே நிரப்பிடுவேன் மதர்” என்று சலேத்மேரி சொல்லியிருந்தார்.

மறுநாளே ஆலயப் படியைக் கழுவும்போது வழுக்கி விழுந்தார். காலில் மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள்.

கூடப் பயிற்சியில் இருந்த பெண்கள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள். ஒருத்தி துணி துவைத்தாள். ரெஜினா தலை வாரிவிட்டாள்.

“அக்கா, இந்தக் கட்டு மேல ஒரு நட்சத்திரம் வரையட்டுமா? குடிலுக்கு ஒண்ணு குறையுது.”

சலேத்மேரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கட்டிலிலிருந்து பார்த்தால் சன்னல் வழியே ஆலயக் கதவு தெரியும். யாராவது ஒருத்தி உள்ளே போவதும் வருவதுமாக இருந்தாள். எல்லோரும் வைக்கோல் போடுகிறார்கள். நான் மட்டும் பாரமாகக் கிடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் வாரம் முடியும்போது வாய்விட்டே சொல்லிவிட்டார்.

“இனிமே யாரும் எனக்காக வர வேண்டாம். என் வேலையை நானே பார்த்துக்குவேன்.”

அதன்பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தானே தண்ணீர் எடுத்தார். பாதி வழியில் கொட்டியது. வாசலில் வைத்துவிட்டுப் போன கஞ்சியை ஆறிய பிறகு குடித்தார். தலை சிக்குப் பிடித்தது. விழாவுக்கு முந்தின நாள் காலையில் துணிமணிகளைப் பையில் அடுக்கிவிட்டு மதரை வரச் சொன்னார்.

மதர் செசிலி கையில் குடிலின் தீவனத் தொட்டியோடு வந்தார்.

“நான் ஊருக்குப் போறேன் மதர். சேவை செய்ய வந்தவள் நான். இங்கே ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட முடியாம கிடக்கிறேன். எல்லாருக்கும் தொந்தரவு.”

மதர் தொட்டியை அவர் மடியில் வைத்தார். அடிப்பலகை தெரிந்தது.

“முதல் வாரத்தில் போட்டதுதான் இவ்வளவும். அப்புறம் ஏறவே இல்லை. ஏன்னு எனக்குப் புரியலை, சலேத்.”

கதவுக்குப் பின்னாலிருந்து ரெஜினாவின் குரல் வந்தது.

“அக்கா கிட்டே போனா விரட்டுறாங்க மதர்! நாங்க வேற யாருக்குப் போய் உதவி செய்யிறது? இங்கே எல்லாருக்கும் கையும் காலும் நல்லாத்தானே இருக்கு!”

“ஒட்டுக்கேட்கிறதை முதல்லே நிறுத்து” என்றார் மதர். காலடி ஓசை இரண்டடி போய் நின்றுவிட்டது.

சலேத்மேரி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலயக் கதவைப் பார்த்தபடி கிடந்த அந்த முதல் வாரம் நினைவுக்கு வந்தது. கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துப் போனவள்தான் சற்று நேரத்தில் ஆலயத்துக்குள் போனாள். தலை வாரிவிட்டவளும் அப்படித்தான்.

“லூக்கா நற்செய்தி உங்களுக்கு மனப்பாடம் இல்லையா?” என்று மதர் கேட்டார். “இயேசு பிறந்த அந்த இரவில் குழந்தை என்ன செய்தது?”

“மரியா துணியில் சுற்றினார். தொட்டியில் கிடத்தினார்.”

“அது மரியா செய்தது. நான் குழந்தையைக் கேட்டேன்.”

சலேத்மேரி யோசித்தார்.

“ஒன்றும் செய்யவில்லை, மதர்.”

“இடையர்கள் பார்க்க வந்தார்களே, அப்போது?”

“அப்போதும் சும்மாதான் கிடந்தது.”

“இடையர்கள் எப்படித் திரும்பிப் போனார்கள்?”

“கடவுளைப் புகழ்ந்துகொண்டே போனார்கள்...”

சலேத்மேரி வெகுநேரம் அந்தக் கொஞ்ச வைக்கோலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார்.

“ரெஜினா... அங்கேதானே நிக்கிறே? தலையெல்லாம் ஒரே சிக்கு. நாளைக்குத் திருவிழா. கொஞ்சம் குளிக்க வச்சு விடுறியாம்மா?”

கதவு படீரென்று திறந்தது.

“ஏய், வாங்கடி! அக்கா கூப்பிட்டுட்டாங்க! தலை எனக்கு, சொல்லிட்டேன்! வெந்நீரை யாராவது தூக்கிட்டு வாங்க!” என்று கத்திக்கொண்டே ரெஜினா உள்ளே வந்தாள். “மாத்துச் சேலை எங்கே அக்கா?”

“பையிலே இருக்கு. சேலையை எடுத்துக்கிட்டு, மிச்சத்தையெல்லாம் பழையபடி அலமாரியிலே வச்சிடு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

மதர் தொட்டியை வாங்கிக்கொண்டார். வாசல்வரை போனவர் அதைக் கதவோரமாகத் தரையில் வைத்தார்.

“குடிலுக்கு எடுத்துப் போகவில்லையா, மதர்?” என்று சலேத்மேரி கேட்டார்.

“கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கட்டும்” என்றார் மதர். “வைக்கோல் கூடையை எடுத்துவரப் போகிறேன்.”