கொசுவுக்கு வழி தெரியாத குழந்தை

அந்தக் காலத்தில் குழந்தைகளைப் பின்னிக் கொடுத்தது தூக்கணாங்குருவிதான். அப்பா ஒரு நார், அம்மா ஒரு நார் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், சாயங்காலத்துக்குள் குழந்தை தயார். எல்லாம் ஒரே பின்னல், ஒரே முகம். யார் வீட்டுப் பிள்ளை யார் வீட்டில் சாப்பிடுகிறது என்றே தெரியாது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதும் இல்லை.

ஆனால் அந்தப் பின்னலில் விலாவுக்குக் கீழே ஒரு சின்ன இடைவெளி இருந்தது. கொசு அதைக் கண்டுபிடித்துவிட்டது. ஒரு பிள்ளையிடம் வழி தெரிந்தால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரிடமும் தெரிந்த மாதிரிதானே? அந்த வழியாகக் காய்ச்சலை உள்ளே விட்டது. மழைக்கு மழை தொட்டில்கள் காலியாயின.

தன் முதல் குழந்தைக்கு நார் கொண்டுவந்த பூவாயி குருவியிடம் கெஞ்சினாள்.

“குருவியண்ணே, என் பிள்ளைக்கு மட்டும் அந்த ஓட்டையை வேறு எங்கேயாவது வையேன்.”

“ஓட்டையா? என் பின்னலிலா?” குருவிக்கு ரோஷம் வந்துவிட்டது. “எங்கப்பா சொல்லிக்கொடுத்த பின்னல் இது. பிடிக்கவில்லையென்றால் காக்காயிடம் போய்ப் பின்னிக்கொள்!”

அது பாட்டுக்குப் பின்னிக்கொண்டே போனது. பூவாயிக்குப் பொறுக்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நாரை ஓர் இழு இழுத்துவிட்டாள்.

“அடிப் பாவி, கெடுத்தியே!”

குழந்தைக்கு முடி சுருண்டது, மூக்கு சப்பையானது. ஊரே சிரித்தது.

“என்னடி பூவாயி, பிள்ளையைப் பாதிப் பின்னலிலேயே தூக்கிட்டு வந்துட்டியா?” என்றாள் பக்கத்து வீட்டு மாராயி.

செய்தது நல்லதா கெட்டதா என்று பூவாயிக்கே தெரியாது. மகளை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

மழை வந்தது, கொசுவும் வந்தது. வீடு வீடாகப் போய்ப் பழகிய வழியில் நுழைந்தது. பூவாயி மகளிடம் வந்ததும் முட்டிக்கொண்டது. விலாவில் தேடியது, முதுகில் தேடியது. “இது என்ன வீடு, வாசலையே காணோமே!” என்று சலித்துக்கொண்டு பறந்தது. குழந்தை கொட்டாவி விட்டது.

மழை விட்டதும் மாராயி நாரும் கையுமாக ஓடினாள். “குருவியண்ணே, எனக்கும் அதே சுருட்டை, அதே சப்பை மூக்கு!” அவளுக்குப் பின்னால் ஊரே நின்றது.

பூவாயிக்கு இன்னும் பயம் தீரவில்லை. “வேண்டாங்க்கா! எல்லாம் என் பிள்ளை மாதிரியே இருந்தால் அந்த வழியையும் கொசு கற்றுக்கொள்ளும். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துவிடுங்கள்.”

“என் பேரே போச்சு!” என்று குருவி அலற, ஆளாளுக்கு இழுத்தார்கள். கறுப்பு, மாநிறம், நெட்டை, குட்டை என்று விதவிதமாகப் பிள்ளைகள் வந்தன. சில இழுப்புகள் உதவின, சில உதவவில்லை. காய்ச்சலைத் தாண்டிய பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் நாரையே தங்கள் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள்.

அன்று முதல்தான் கூடப் பிறந்தவர்களுக்குக்கூட ஒரே முகம் வாய்ப்பதில்லை. கொசுவும் ஒவ்வொரு காதாகப் போய், “உன் வழி எது, உன் வழி எது” என்று முனகிக்கொண்டே திரிகிறது.