ஏணியைத் தொட்ட குற்றம்

வனவிலங்குச் சட்டம் ரொம்ப நீளம் என்று அதைக் குறைக்க வந்த பெரிய அதிகாரி பரந்தாமன், காட்டைப் பார்க்க மரத்தின் மேலிருந்த உயரமான குடிலுக்கு ஏணி வைத்து ஏறினார். ஏறிய கையோடு எழுதினார்: "அரிய பறவையைத் தொட்டால்தான் குற்றம். அது வாழும் மரத்தை வெட்டினால் குற்றமில்லை."

அதை அவர் உரக்கப் படித்ததும், கீழே நின்ற வனக்காவலர் வெள்ளிங்கிரி தலையைச் சொறிந்தார். "அய்யா, இருவாச்சிப் பறவையில பெட்டை மரப்பொந்து வாசலை அடைச்சுக்கிட்டு உள்ள அடைகாக்குதுங்க. மரம் போனா அதும் போயிருமுங்க."

"தொடாம எப்படிய்யா கெடுதல் வரும்? பொழுது சாயறதுக்குள்ள நிரூபி. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

"ஆகட்டுங்க" என்ற வெள்ளிங்கிரி, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு சமைக்கப் போய்விட்டார்.

மத்தியானம் கொள்ளுப்பருப்பு வாசம் மேலே போனது. பரந்தாமனின் கூச்சல் கீழே வந்தது. "என்னைக் கொல்லப் பார்க்கறியா?"

"உங்க மேல என் விரல்கூடப் படலீங்களே. ஏணியைத்தானுங்க தொட்டேன்."

நாலு மணிக்குத் திருத்திய காகிதம் பறந்து வந்தது: மரத்தைத் தொட்டாலும் குற்றம்.

வெள்ளிங்கிரி நிதானமாகப் படித்துவிட்டு ஏணியைச் சாத்தினார்.

"அடுத்த திருத்தத்துல ஏணியையும் சேர்த்துக்குங்க. நாளைக்கு அமைச்சர் ஏறப்போறாருங்களாம்."