தலையில் பனி, காலில் மழை

முன்னே ஒரு காலம். எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். மலைகள் எல்லாம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னவர்கள் முன்னால் வாருங்கள், பெரியவர்கள் பின்னால் போங்கள். எனக்கு உட்கார்ந்து கதை சொல்ல வராது, நடந்துகொண்டேதான் சொல்வேன். இந்தக் கதையில் வருகிறவளும் அப்படித்தான், ஒரு இடத்தில் நிற்க மாட்டாள்.

வெண்கோடு என்று ஒரு நாடு. ஒரே மலை, ஒரே பாதை, அந்தப் பாதையில் இருபத்தோரு வளைவு. முதல் வளைவில் அடிக்கரை என்ற ஊர். கடைசி வளைவில் உச்சிப்பாடி என்ற ஊர். குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே மேகம்தான் வரும், ஒரே நாளில்தான் பொழியும். ஆனால் அடிக்கரையில் விழுவது மழை, உச்சிப்பாடியில் விழுவது வெண்பனி.

"குளிர்காலம்னா மழை. பனியாம் பனி! உச்சிப்பாடிக்காரன் வாயைத் திறந்தா புளுகு" என்பார்கள் கீழே இருப்பவர்கள். "குளிர்காலம்னா பனி. மழையாம் மழை! அடிக்கரைக்காரன் பேச்சைத் தண்ணியிலதான் எழுதணும்" என்பார்கள் மேலே இருப்பவர்கள். குளிருக்குப் பயந்து வீட்டை விட்டு நகராதவர்கள். போய்ப் பார்த்தால்தானே தெரியும்?

அந்தக் குளிரிலும் ஏறி இறங்கியது மூன்றே பேர். மருதாயி, அவள் புருஷன் சடையன், அவர்களுடைய கோவேறு கழுதை சிலுப்பி. மேலே உப்பு கொண்டுபோவார்கள், கீழே கம்பளி கொண்டுவருவார்கள்.

பாதையில் பன்னிரண்டாம் வளைவுக்கு வழுக்கு வளைவு என்று பெயர். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பார்த்தாலே தலை சுற்றும் பள்ளம். அங்கே யாரைச் சந்தித்தாலும் சுமைக்காரர்கள் தங்கள் கயிற்றை அவர்கள் கயிற்றோடு முடிந்து, "கட்டின கயிறு ஒரே கயிறு" என்று மூன்று தடவை சொல்வார்கள். சொல்லிவிட்டால் பிறகு உன்னுது என்னுது கிடையாது. முடிச்சை அவிழ்க்கிற வரைக்கும் ஒருவன் வழுக்கினால் எல்லாரும் பிடிக்க வேண்டும். அப்படி ஒரு கட்டுப்பாடு.

ஒரு நாள் அடிக்கரையில் சடையன் உப்பு மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கமாக வந்தான் குடுக்கை மந்திரவாதி. இடுப்பில் ஒரு சுரைக்குடுக்கை, முழங்கால் வரை தாடி, மூக்கு நுனியில் கோபம்.

"அடேய்! நான் உச்சிக்குப் போறேன். மேலே என்ன பெய்யுது?"

சடையனுக்கு வேலை மும்முரம். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தன் மூக்கில் என்ன சொட்டியதோ அதைச் சொன்னான்.

"மழைதான் சாமி. குடை போதும்."

மந்திரவாதி குடையோடு ஏறினான். மேலே போனால் பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. குடை முறிந்தது, தாடி விறைத்தது, பல் கிட்டியது. தட்டுத் தடுமாறித் திரும்பியவன் வழுக்கு வளைவில் சறுக்கி, ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் தொங்கினான். அந்த நேரம் பார்த்து மருதாயியும் சடையனும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

சடையன் கயிற்றை வீசினான். மந்திரவாதி தன் இடுப்புக் கயிற்றை அதோடு முடிந்துகொண்டு அலறினான்.

"விட்டுடுவீங்களா?"

"கட்டின கயிறு ஒரே கயிறு சாமி. நீங்களும் சொல்லுங்க" என்றாள் மருதாயி.

மூன்று தடவை இல்லை, முப்பது தடவை சொன்னான். மேலே இழுத்துப் போட்டார்கள். மூச்சு வாங்கி முடித்து, முடிச்சை அவிழ்த்த பிறகு, மந்திரவாதி சடையனின் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"நீதானே மழைன்னு சொன்ன பயல்?"

நன்றி கெட்ட ஜென்மம்! குடுக்கையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினான். சடையன் நின்ற இடத்தில் சடையன் இல்லை. இருபது முழக் கயிறு ஒன்று கிடந்தது. மூன்று புரி முறுக்கிய கயிறு.

"இந்தக் குளிர்காலத்துல வானம் இன்னும் மூணு தரம் பொத்துக்கும்" என்றான் மந்திரவாதி. "ஒவ்வொரு தரமும் இவனோட ஒரு புரி அறும். மூணும் அறுந்தா இவன் வெறும் நார். ஒரே மூச்சுல இவன் தலையில பனியும் காலுல மழையும் விழுந்தா, இவன் சொன்னது பொய்யில்லைன்னு விட்டுடறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். "எங்கேயாவது நடக்கிற காரியமா?"

மருதாயி அழுதாளா? அழுதாள். ஆனால் நடந்துகொண்டே அழுதாள். கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு, "மாமா, பயப்படாத, மாமா, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏ புள்ள, இவ்வளவு வேகமாப் போனா என் கால் என்னத்துக்கு ஆவறது?"

சிலுப்பிதான்! மந்திரவாதி துப்பியதில் ஒரு சொட்டு அவள் காதில் தெறித்திருந்தது. அதிலிருந்து பேச்சு வந்துவிட்டது. பேச்சு என்றால் என்ன பேச்சு, எல்லாம் குறைதான். மூட்டை கனக்குது, முதுகு அரிக்குது, கொள்ளு போதலை.

முதல் தரம் வானம் பொத்துக்கொண்டது. பனி உச்சியில்தானே இருக்கிறது என்று மருதாயி உச்சிக்கு ஓடினாள். கயிற்றைப் பாறையிலிருந்து தொங்கவிட்டாள். தலையில் என்ன? பனி. காலில் என்ன? பனி. இருபத்தோரு வளைவையும் இறங்கி அடிக்கரைக்கு ஓடினாள். மரத்திலிருந்து தொங்கவிட்டாள். தலையில் என்ன? மழை. காலில் என்ன? மழை. மேகம் கலைந்தது. பட்டென்று ஒரு புரி அறுந்தது.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. ஏறினாள், இறங்கினாள், ஏறினாள், இறங்கினாள்.

"நின்னு யோசிச்சா என்ன?" என்றாள் சிலுப்பி.

"நின்னா பைத்தியம் பிடிச்சிரும்டி. மேலே பனி, கீழே மழை. அப்போ நடுவுல எங்கேயோ ஒண்ணு இன்னொண்ணா மாறுது இல்ல? அந்த இடத்துக்குப் போனா?"

இரண்டாம் தரம் வானம் பொத்துக்கொண்டது. அடியிலிருந்து ஒவ்வொரு வளைவாக ஏறினாள். முகத்தை நீட்டிப் பார்த்தாள். பத்தாம் வளைவு வரை சுத்தமான மழை. பதினொன்றில் சொட்டு கனத்தது, நெற்றியில் விழுந்து கொழகொழவென்று வழிந்தது. அதுதான் எல்லை என்று அங்கேயே கயிற்றைத் தொங்கவிட்டாள். தலையில் என்ன? கொழகொழ. காலில் என்ன? அதே கொழகொழ. பன்னிரண்டிலும் கொழகொழ, பதின்மூன்றிலும் கொழகொழ. பதினான்கில்தான் பஞ்சுபோலச் சுத்தமான பனி. மழை பனியாவது வாசற்படி தாண்டுகிற மாதிரி ஒரே எட்டில் இல்லை. நாலு வளைவு ஏறினால்தான் முழுசாக மாறுகிறது. இருபது முழக் கயிறு எப்படி எட்டும்?

பட்டென்று இரண்டாவது புரியும் அறுந்தது.

மருதாயி ஒற்றைப் புரியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "மாமா, நீ ரொம்பக் குட்டையாப் போயிட்டியே" என்றாள். சொன்னவள் சட்டென்று நிமிர்ந்தாள். "சிலுப்பி, நடடி. ஊருக்குப் போவோம்."

"எந்த ஊருக்கு?"

"ரெண்டு ஊருக்கும்!"

அடிக்கரையில் கயிறு கேட்டாள். "உச்சிப்பாடிக்காரன் கயிறோட எங்க கயிறா? புளுகுப் பசங்களோடயா?" என்றார்கள். உச்சிப்பாடியிலும் அச்சு அசலாக அதே பேச்சு. மருதாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரெண்டு ஊரிலும் இதையே கத்தினாள்.

"ரெண்டு பேரும் நிஜந்தான் சொல்றீங்க! நான் ரெண்டு இடத்துலயும் நனைஞ்சவ, எனக்குத் தெரியாதா? நம்பலைன்னா கயிறோட ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நீங்களே வந்து பாருங்க. உங்க வீட்டு உப்பைச் சுமந்தவன், உங்க பிள்ளைங்க போர்த்தற கம்பளியைச் சுமந்தவன், ஒத்தை நூலாக் கிடக்கறான்!"

முதலில் ஒருத்தி தொட்டில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. பிறகு கிணற்றுக் கயிறு வந்தது, கட்டில் கயிறு வந்தது, மாட்டுக் கயிறு வந்தது. மேலே பாதி, கீழே பாதி. சிலுப்பி எல்லாவற்றையும் சுமந்தாள். சுமந்துகொண்டே திட்டினாள். மருதாயி ஒவ்வொரு முடிச்சாகப் போட்டாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் மூன்று தடவை சொன்னாள்: கட்டின கயிறு ஒரே கயிறு, கட்டின கயிறு ஒரே கயிறு, கட்டின கயிறு ஒரே கயிறு. முடித்துப் பார்த்தால் ஐந்து வளைவு நீளம். நட்ட நடுவில் சடையன்.

மூன்றாம் தரம். விடிந்ததும் வானம் பொத்துக்கொண்டது. மேல்முனையை உச்சிப்பாடிக்காரர்கள் பிடித்தார்கள், கீழ்முனையை அடிக்கரைக்காரர்கள் பிடித்தார்கள். நடுவில் வழுக்கு வளைவில் மருதாயி.

"மேலே என்ன?" என்று கத்தினாள்.

"பனி!" என்று வளைவுக்கு வளைவு குரல் கைமாறி வந்தது.

"கீழே என்ன?"

"மழை... ஐயோ, இல்லை! வெளுக்குது! வெள்ளையா விழுது!"

மழை வலுத்ததில் குளிர் உச்சியை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பனியும் அதோடு இறங்கியது.

"இறங்குங்க! எல்லாரும் மூணு வளைவு இறங்குங்க!"

அத்தனை கயிறும் அத்தனை ஜனமும் தடதடவென்று இறங்கியது. இறங்கி நின்றால் காற்று திரும்பிவிட்டது. கீழேயிருந்து வெதுவெதுப்பாக அடித்தது.

"மேலே என்ன?"

"சொட்டுது! தண்ணியாச் சொட்டுது!"

"ஏறுங்க! திரும்பவும் ஏறுங்க!"

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் சிலுப்பி. அவள் அப்போது எதையும் சொல்லவே இல்லை.

மறுபடி வழுக்கு வளைவு. எல்லாருக்கும் இரைத்தது.

"மேலே என்ன?"

"பனி! சுத்தமான பனி!"

"கீழே என்ன?"

"மழை! சுத்தமான மழை!"

மேலே ஒருவன் கீழே இருந்து வந்த குரலைக் கேட்டு, "அட, நிஜமாவே மழையா?" என்றான். ஆனால் கயிறு கயிறாகவே கிடந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"ஹஹ்ஹா!" என்று ஒரு சிரிப்பு. வேடிக்கை பார்க்க வந்திருந்தான் குடுக்கை மந்திரவாதி. "யாரை ஏமாத்தப் பார்க்கற? உன் புருஷன் இருபது முழம்தான். மத்ததெல்லாம் ஊரான் வீட்டுக் கயிறு. பனி விழறது எவன் கயித்துலயோ, மழை விழறது எவன் கயித்துலயோ!"

மேகம் மெலிய ஆரம்பித்தது. கடைசிப் புரியில் ஒரு நூல் அறுந்தது. இன்னொரு நூல் அறுந்தது. மருதாயி கையால் இறுக்கிப் பிடித்தாள், விரலுக்கு நடுவே இன்னொன்று அறுந்தது.

அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. கொழகொழத்த பாறையில் மந்திரவாதியின் கால் நிற்கவில்லை. விழாமல் இருக்க அவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்? கயிற்றைத்தான்!

"சாமி, இது வேற வேற கயிறுன்னா நீங்க பிடிச்சிருக்கறது யாரோட கயிறு?"

"யாரோடதா இருந்தா எனக்கென்ன?"

"அதுவும் சரிதான். வேற வேற கயிறுன்னா எதுக்குச் சேர்ந்து இருக்கணும்? அவிழ்த்துடறேன்." முடிச்சில் கை வைத்தாள்.

மந்திரவாதி பள்ளத்தைப் பார்த்தான். பார்த்த வேகத்தில் ஒரு கால் சறுக்கியது.

"வேணாம்! வேணாம் தாயி! ஒரே கயிறுதான்! கட்டின கயிறு ஒரே கயிறு, கட்டின கயிறு ஒரே கயிறு, கட்டின கயிறு ஒரே கயிறு!"

சொல்லி வாய் மூடவில்லை. குடுக்கை படாரென்று வெடித்தது. அவன் பிடித்திருந்த கயிறு சூடானது, தடித்தது, மயிர் முளைத்தது. பார்த்தால் சடையனின் கை! தலைமுடி வெள்ளை வெளேரென்று பனி, காலிலிருந்து மழைத் தண்ணீர் ஒழுகுகிறது.

"யாருய்யா மேலேயிருந்து என் குடுமியை இழுக்கறது?" என்றான் சடையன். குடுமியில் ஒரு முடிச்சு, கணுக்காலில் ஒரு முடிச்சு. மேலே உச்சிப்பாடி, கீழே அடிக்கரை. மருதாயி ஓடிப்போய் அவன் நெஞ்சில் ரெண்டு அடி அடித்தாள், அப்புறம் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

சடையன் மந்திரவாதியின் கையை விட்டிருக்கலாம். நானாக இருந்தால் விட்டிருப்பேன். அவன் விடவில்லை. இழுத்துப் பாறையில் உட்கார வைத்தான். கயிறு கட்டியிருக்கிறதே!

"மந்திரம் தொலைஞ்சிடுச்சு, விஷமும் தொலைஞ்சதுன்னு வெச்சுக்குவோம்" என்றாள் சிலுப்பி. "இனிமே இந்த மலையை நான் ஏறணும்னா எனக்கு மூணு விஷயம் வேணும். ஒண்ணு, கொள்ளு. ரெண்டாவது..." அதற்கு மேல் வெறும் கனைப்புதான் வந்தது. மீதி ரெண்டும் என்ன என்று இதுவரை யாருக்கும் தெரியாது. அதனால் ஊரார் கொள்ளு மட்டும் மூன்று பங்காகக் கொடுத்தார்கள்.

அந்த வருஷத்திலிருந்து உச்சிப்பாடிப் பெண்ணுக்கு அடிக்கரையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மழை வந்தால் மேலிருந்து கீழே கத்திக் கேட்டார்கள், கீழிருந்து மேலே கத்திக் கேட்டார்கள். கேட்டதை நம்பினார்கள்.

அன்றைக்குக் கிளம்பும்போது மந்திரவாதி, மந்திரம் போன வெறும் கிழவன், தயங்கித் தயங்கிக் கேட்டான். "தம்பி, நான் உச்சிக்குப் போகணும். மேலே என்ன பெய்யுது?"

சடையன் வானத்தைப் பார்த்தான், தன் மூக்கைத் துடைத்தான்.

"நான் இங்கே நிக்கறேன் சாமி. மேலே என்னன்னு மேலே இருக்கறவங்களைத்தான் கேக்கணும்" என்றான். கேட்டும் சொன்னான். கூடவே தன் கம்பளியையும் கொடுத்தான்.

மருதாயி பாறையில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். அந்தக் குளிர்காலம் முழுவதிலும் அவள் உட்கார்ந்தது அப்போதுதான். நகருங்கள், எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.