பிஸ்கட்டின் முழங்கால்

"அந்த நாயை இனி நான் தொடமாட்டேன், மேடம்."

எழிலன் கையுறைகளைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் விட்டெறிந்தான். கால்நடை மருத்துவமனையில் டாக்டர் நாச்சியாரிடம் அறுவைச் சிகிச்சை கற்றுக்கொள்ள வந்தவன். அவர் எதையும் விளக்கிச் சொல்லும் ரகமில்லை. "பாரு" என்பார், அவ்வளவுதான்.

"எந்த நாயை?"

"பிஸ்கட்டை."

பிஸ்கட்டின் முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்து போயிருந்தது. அதன் வேலையைச் செய்யத் தடித்த நைலான் இழையைப் போட்டு, முட்டியை இழுத்துக் கட்டியவன் எழிலன்தான். அவன் தனியாகச் செய்த முதல் முழங்கால் அது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

"முட்டியை அசைச்சுப் பாருங்க. எலும்பு முன்னால வழுக்கிட்டுப் போகுது. இழை அறுந்துடுச்சு. ரெண்டு மாசம் கூண்டை விட்டு வெளிய விடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அந்த ஆளு ஒரு மாசத்துலயே திறந்து விட்டுருக்காரு. இது சோபா மேல தாவிருக்கு. இப்ப மறுபடியும் ஆபரேஷன் பண்ணுங்கன்னு வந்து கையைப் பிடிக்கிறாரு. இவரெல்லாம் எதுக்கு நாய் வளர்க்கணும்?"

"ஏன் திறந்தாராம்?"

"நான் கேக்கலை. கேட்டா மட்டும் ஒட்டிக்குமா?"

நாச்சியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி. மாட்டேன்னா விடு. ஆயுசுக்கும் நொண்டிக்கிட்டுத் திரியட்டும்."

எழிலன் கை கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பினான்.

"நான் வார்டை ஒரு சுத்துப் பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் அது பக்கத்துல உக்காரு. கூண்டைத் திறந்துடாதே."

இதென்ன பெரிய வேலை என்று அவன் கூண்டருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

பிஸ்கட் முனகியது.

"பேசாமக் கிட."

கம்பியைப் பிறாண்டியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த மனிதர் மேல் இருந்த எரிச்சல் கொஞ்சமும் அடங்கவில்லை. சொன்னதைக் கேட்பதற்கு என்ன கேடு?

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தான். கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்துக்கொண்டு அது அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. முனகியபோதுகூடத் தாங்கிக்கொண்டான். இதை அவனால் தாங்க முடியவில்லை.

நாச்சியார் திரும்பி வந்தபோது கூண்டு திறந்திருந்தது. எழிலன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். நாய் அவன் மடியில் தலை வைத்துக் கிடந்தது.

"ஏன் திறந்தே?"

"பாவமா இருந்துச்சு, மேடம். அஞ்சு நிமிஷம்னுதான்…"

பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

நாச்சியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் போய் அரைமணி நேரம்கூட ஆகலை" என்றார். "அந்த மனுஷன் ஒரு மாசம் தாங்கிருக்காரு."