நூறு கோலுக்குள் நின்ற மண்டபம்

முன்னொரு காலத்தில், நாட்டின் பேரைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரும் என்பதால் பேர் சொல்லாமல் விடுகிறேன், ஒரு கடற்கரை நாட்டை மகுடவளவன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் ஆசை வந்துவிட்டால் கண்மண் தெரியாது. கடற்காற்று வாங்க வேண்டும் என்றான். கரையில் ஒரு மண்டபம் எழும்பிற்று. கால் நனையாமல் அன்னப்படகில் ஏற வேண்டும் என்றான். அமைச்சர் நாகவல்லபர் மலையை உடைத்துக் கல் கொண்டுவந்து, கடலுக்குள் நீட்டமாக ஒரு கல்துறை கட்டிக் கொடுத்தார். அதற்கு ஒரு முத்துமாலையும் பரிசாக வாங்கிக்கொண்டார்.

கல்துறைக்கு வடக்கே, மண்டபத்துக்கும் கடலுக்கும் நடுவில், மீனவர் குப்பம் ஒன்று இருந்தது. நாற்பது குடிசைகள். இரண்டு வருடம் போனது. ஒருநாள் சபைக்கு ஓலை வந்தது. கடல் குப்பத்துக்குள் புகுந்து பதினோரு குடிசைகளைக் கொண்டுபோய்விட்டதாம்.

"கடலா? என் நாட்டுக்குள்ளா? யாரைக் கேட்டுக்கொண்டு வந்தது?" என்று அரசன் திகைத்துப்போய் எழுந்தே விட்டான்.

நாகவல்லபர் கைகட்டி நின்றார். "மன்னர்மன்னா, கடல்மேல் குற்றமில்லை. குப்பத்தார் தினந்தோறும் படகுகளை இழுத்து இழுத்துக் கரையைத் தேய்த்துவிட்டார்கள்."

கேட்டீர்களா கதையை! மூஞ்சியில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னார் மனுஷன். சபை முழுக்கத் தலையாட்டியது. ஒரே ஒருவன்தான் ஆட்டவில்லை. அரண்மனை விகடன் ஏகப்பன்.

"அமைச்சர் பெருமானே, அப்படியானால் மாடுகள் நடந்து நடந்து நம் ராஜவீதி இந்நேரம் பாதாளத்துக்கே போயிருக்க வேண்டுமே?"

சபை சிரித்தது. நாகவல்லபருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. "மன்னா, அலையிலிருந்து நூறு கோல் தூரத்துக்குள் எந்தக் கட்டடமும் நிற்கலாகாது என்று ஆணையிடுங்கள். குப்பத்தாரை உப்பளத்துக்கு அப்பால் குடியேற்றிவிடலாம். இதை நிறைவேற்ற ஏகப்பனைவிடப் பொருத்தமானவர் யார்? வாரம் தவறாமல் அங்கே போய் மீன்குழம்பு சாப்பிடுகிறவர் அவர்தானே?"

அந்த நாட்டில் ஒரு கோல் என்பது ஓர் ஆள் உயரம்.

"அப்படியே ஆகட்டும்," என்றான் அரசன். "ஏகப்பா, வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது நூறு கோலுக்குள் ஒரு கட்டடம் மிஞ்சினாலும் உன் தலை மிஞ்சாது!"

ஏகப்பன் கண்முன்னே ஆணையை எழுதி முரசும் அறைந்துவிட்டார்கள். முரசு அறைந்த ஆணையை அரசனே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. இன்னொரு வழக்கமும் உண்டு. மாட்டுக்கு மணி கட்டச் சொல்லும் ஆணையானாலும் சரி, கடைசியில் 'அரசர் முதல் ஆண்டி வரை எவருக்கும் விலக்கில்லை' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். எல்லாம் ஓர் அழகுக்குத்தான். முன்னூறு வருடமாக எழுதுகிறார்கள், ஒருவரும் அதைப் படித்ததில்லை.

குப்பத்தில் அவனை முதலில் பார்த்தவள் அஞ்சம்மை. கருவாடு விற்கிறவள், அவள் வாய்க்குப் பயப்படாதவர் அந்தக் கரையில் இல்லை.

"வாங்கய்யா வாங்க! எங்க வீட்டுக் கொழம்பத் தின்னுட்டு எங்க வீட்டயே பிரிக்க வந்தீகளா? நல்லாருக்குய்யா ஒங்க ஞாயம்! உப்பளத்துக்கு அங்கிட்டுப் போயி நாங்க என்னத்தப் பிடிக்க? தவளையா?"

"திட்டு அஞ்சம்மை, நல்லாத் திட்டு. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. கடலு ஏன் இப்படி ஏறி வருது?"

"மணலு நடக்கும்யா. தெக்கேயிருந்து வடக்கே அலையோடயே நடந்து வரும். அலை பத்துப் பிடி எடுத்துட்டுப் போனா, வர்ற மணலு பத்துப் பிடி போட்டுட்டுப் போகும். இப்ப நடுவுல கல்லப் போட்டு வழிய மறிச்சுட்டாக. அந்தா பாருங்க, துறைக்குத் தெக்கே மணலு மலையாட்டம் கெடக்கு. இந்தப் பக்கம் எடுக்க அலை இருக்கு, போட மணலு இல்ல."

ஏகப்பன் பார்த்தான். கடலுக்குள் கல்தூண் மாதிரி ஏதோ நின்றது.

"அதென்ன தூணு?"

"தூணா? எங்க கெணறுய்யா!"

ஐயோ! போன மாசி வரைக்கும் குடிதண்ணீர் இறைத்த கிணறு. சுற்றியிருந்த தரை முழுதும் போய், உறைகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அலைக்கு நடுவே நின்றன. பூமிக்குள் இருக்க வேண்டிய கிணறு ஆகாயத்தில் நிற்பதைப் பார்த்து ஏகப்பனுக்குத் தலை சுற்றிவிட்டது. சற்று நேரம் மணலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பிறகு கோலை எடுத்து அலையிலிருந்து அளக்கத் தொடங்கினான். முதல் குடிசை முப்பத்தாறாவது கோலில் வந்தது. அளந்துகொண்டே போனான். குப்பம் முடிந்தது. அப்போதும் நிறுத்தவில்லை. தொண்ணூற்றொன்றாவது கோலில் ஒரு சுவரில் முட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த ஆணையைக் கடைசி வரி வரைக்கும் படித்தான்.

"அஞ்சம்மை! கூரை ஏறத் தெரிஞ்ச ஆளுங்களக் கூப்பிடு!"

வெள்ளிக்கிழமை நண்பகல். குப்பம் போன அழகைப் பார்க்க அரசன் மண்டபத்துக்கு வந்து, நாகவல்லபரோடு சாப்பிட உட்கார்ந்திருந்தான். கடல் பக்கச் சாளரங்களில் வெயிலுக்கென்று சொல்லி அமைச்சர் பட்டுத்திரை போட்டு வைத்திருந்தார். மோர்க்குழம்பு ஊற்றிய சோற்றின்மேல் திடீரென்று வெயில் விழுந்தது. அரசன் நிமிர்ந்தான். ஓடு இருந்த இடத்தில் ஆகாயம் தெரிந்தது. ஆகாயத்திலிருந்து ஒரு மீசைக்காரன் எட்டிப் பார்த்து, "கும்பிடறேன் சாமி," என்றான். அடுத்த ஓடும் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. நாகவல்லபர் அலறிக்கொண்டு பாயசத்திலேயே கை ஊன்றிவிட்டார்.

"யாரடா அங்கே! என் கூரையைப் பிரிப்பது யார்?"

ஏகப்பன் ஓடிவந்து விழுந்து வணங்கினான். "மன்னா, தங்கள் ஆணை. அலையிலிருந்து இந்த மண்டபம் தொண்ணூற்றொரு கோல்."

"பொய்! நூற்றறுபது கோலில்தானே கட்டினோம்?"

"அரசருடைய மண்டபத்துக்கு ஆணை பொருந்தாது!" என்று கத்தினார் நாகவல்லபர்.

"அரசர் முதல் ஆண்டி வரை எவருக்கும் விலக்கில்லை என்று எழுதியிருக்கிறதே, பெருமானே. தங்கள் கையெழுத்துதான்."

அரசன் எழுந்துபோய்ப் பட்டுத்திரையைக் கிழித்தான். அவ்வளவுதான், நின்ற இடத்திலேயே உறைந்துவிட்டான். எதிரே கடல். கடலுக்குள் கிணறு. ஏகப்பன் சொல்ல, அஞ்சம்மையை அழைத்துக் கேட்டான். அவளும் மணல் நடக்கிற கதையை ஒளிக்காமல் சொன்னாள்.

"முரசு அறைந்த ஆணையை மாற்ற முடியாது," என்றான் அரசன் மெல்ல. "ஆனால் எதை முதலில் இடிப்பது என்று அதில் இல்லை, அல்லவா?"

"இல்லை மன்னா. அதனால்தான் பெரியதில் தொடங்கினேன்."

"தவறு. அலைக்கு மிக அருகில் இருப்பதில் தொடங்கு. அந்தக் கல்துறை அலையிலிருந்து எத்தனை கோல்?"

ஏகப்பன் வாயைப் பிளந்தான். இது அவனுக்கே தோன்றவில்லை. "மன்னா... அது அலைக்குள்ளேயே நிற்கிறது!"

"அதை முதலில் எடு. வெள்ளிக்கிழமைத் தவணை நான் வாயால் சொன்னது, முரசில் இல்லை, இதோ நீட்டிவிட்டேன். துறை போனபின் இரண்டு மழைக்காலம் பொறுத்து மறுபடி அள. அப்போதும் நூறுக்குள் நிற்பதை இடிக்கலாம். நாகவல்லபரே! தெற்கே குவிந்த மணலை வண்டியில் ஏற்றி வடக்கே கொட்டும் வேலை உம்முடையது."

"நானா? வண்டியா?"

"படகு இழுத்துக் கரை தேய்ந்தது என்றீரே. வண்டி இழுத்து வளர்த்துக் காட்டும்!"

சொல்லிவிட்டு அரசனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கூரையில்லாத மண்டபத்தில் நின்று குலுங்கக் குலுங்கச் சிரித்தான். கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றி ஏகப்பனுக்கு மாட்டினான். "வேறென்ன வேண்டும், கேள்."

"இந்தத் தலை சனிக்கிழமையும் கழுத்தின்மேலேயே இருக்கட்டும் மன்னா. அது போதும்."

இரண்டு மழைக்காலம் கழிந்தது. ஏகப்பன் கோலோடு வந்தான். அலையிலிருந்து முதல் குடிசை வரை நூற்றுநான்கு. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தான். மறுபடியும் நூற்றுநான்கு. அத்தனை வாய் பேசுகிற அஞ்சம்மை, வாசற்காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.